தேறாது என்று எழுதியவன்

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கிளி ஜோசியக்காரர் உட்கார்ந்திருப்பார். எழுபதுகளின் கடைசி. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவரை வம்புக்கு இழுப்பது எங்கள் கூட்டத்துக்குப் பொழுதுபோக்கு. முந்தின நாள் பொதுக்கூட்டத்தில் கேட்ட பகுத்தறிவுக் கேள்விகளையெல்லாம் அவர்மேல் இறக்குவோம். "கிளிக்கு அதோட இறக்கையை நறுக்கப் போறாங்கன்னு முன்னாடியே தெரியலையே, ஏன்?" என்று ஒருமுறை கேட்டேன். மனுஷர் கோபப்படவில்லை. சீட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி, எங்கிட்ட வர்றவன் நாலணா குடுத்துட்டு, கேட்டுட்டுப் போயிடறான். நான் ஆகாதுன்னு சொன்னேன்னு எவனும் அவனுக்கு வேலை குடுக்காம இருக்கறதில்ல. அப்படிப்பட்ட ஜோசியக்காரனுங்க வேற எடத்துல கீறானுங்க. அவனுங்களைப் போய்க் கேளு."

யாரைச் சொன்னார் என்று எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது. அதற்குள் நானே அந்த வேற எடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் ஒரு தொழிற்சாலை. பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. தொண்ணூறுகளில் அதற்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வருடத்துக்கு 2 தற்காலிக வேலை. அதற்கு ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று 40 பையன்கள் வந்து நிற்பார்கள். பாதிப் பேர் கல்லூரி அணிக்கு ஆடியவர்கள், மீதிப் பேர் தெருவுக்கு ஆடியவர்கள். தேர்வுக் குழுவில் மூன்று பேர். கல்லூரியில் இடதுபுறம் ஆடியிருந்தேன் என்ற ஒரே தகுதியில் மூன்றாவது நாற்காலி எனக்கு. ஒரு பிற்பகல், இரண்டு மணி நேரம், 40 பையன்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 3 நிமிடம். கிளி சீட்டெடுக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

முதல் வருடம் ஒரு பையனைப் பற்றி என் கையெழுத்தில் எழுதினேன்: "பந்து காலில் ஒட்டுகிறது. ஸ்டாமினா இல்லை. தேறாது." தாளை வாங்கிப் பார்த்த மேலதிகாரி, "கரெக்டா கணிக்கறீங்களே" என்றார். நான் சரியாகக் கணித்தேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. பாராட்டு உள்ளே வரும்போது பகுத்தறிவு கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுகொள்கிறது.

அதே தொழிற்சாலையில், மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், வெல்டர்களை எடுக்கும் முறை வேறாக இருந்தது. முகத்தைப் பார்த்து "இவன் கையில் தொழில் இருக்கு" என்று அங்கே யாரும் எழுதுவதில்லை. குழாயை 45 டிகிரி சாய்வில் நிறுத்திக் கொடுப்பார்கள், சிக்ஸ்-ஜி என்பார்கள். குழாய் அசையாது, ஆள்தான் குனிந்தும் நிமிர்ந்தும் சுற்றிவந்து பற்றவைக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே. உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா, கசடு தங்கியிருக்கிறதா, வெடிப்பு ஓடுகிறதா என்று ஃபிலிமில் தெரிந்துவிடும். ஃபோர்மேனுக்கு மைத்துனனாக இருந்தாலும் குமிழி குமிழிதான். பற்று விட்டுப்போனால் நஷ்டம் கம்பெனிக்கு, அதனால் அங்கே சோதனை. பையன் விட்டுப்போனால் நஷ்டம் அவன் வீட்டுக்கு, அதனால் இங்கே 3 நிமிடம்.

நியாயமாக ஒரு மறுப்புச் சொல்லலாம். வெல்டரிடம் கேட்பது இன்றைக்கு அவருக்கு என்ன தெரியும் என்பதை. ஆட்டக்காரனிடம் கேட்பது ஐந்து வருடம் கழித்து என்ன ஆவான் என்பதை. அதற்கு எக்ஸ்ரே கிடையாது. உண்மைதான். பணத்தைக் கொட்டினால் கிடைக்குமா என்று அமெரிக்காக்காரன் பார்த்திருக்கிறான்.

அவர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டமே வேறு. பந்து முட்டை வடிவம், காலில் படுவது அபூர்வம். அதில் குவார்ட்டர்பேக் என்று ஓர் ஆள். ஏறக்குறைய ஒவ்வொரு அடியும் அவர் கையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். மாமிசமலை போன்ற நாலைந்து பேர் பாய்ந்துவர, இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்ய வேண்டும். கல்லூரியில் சிறந்த இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் வரிசையாக எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் இண்டியானாபொலிஸ் நகரில் அவர்களை நிறுத்தி உயரம், எடை, உள்ளங்கை அகலம், 40 கஜ ஓட்டம் எல்லாம் அளப்பார்கள். 12 நிமிடத்தில் 50 கேள்வி என்று ஓர் அறிவுத் தேர்வைக்கூடப் பல காலம் வைத்திருந்தார்கள். கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பார்த்துவரச் சம்பளத்துக்கு ஆட்கள் உண்டு. இத்தனையும் செய்துவிட்டு, 2000ஆம் ஆண்டில் டாம் பிராடியை 199ஆவது ஆளாக எடுத்தார்கள். அவருக்கு முன்னால் வேறு 6 குவார்ட்டர்பேக்குகளை எடுத்தாயிற்று. அந்த 199ஆவது ஆள்தான் 7 முறை சாம்பியன். 2007இல் எல்லோருக்கும் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரஸ்ஸல் மூன்று பருவத்தோடு காணாமல் போனார். 2022இல் 262ஆவதாக, வரிசையின் கடைசி ஆளாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி 2024 பிப்ரவரியில் இறுதிப்போட்டி ஆடினார்.

அளக்கத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். கல்லூரி மைதானத்தில் அவர்கள் பார்த்தது ஒரு ஆளை மட்டும் என்று நினைத்துக்கொண்டார்கள், அங்கேதான் பிசகு. அந்தப் பையனுக்கு முன்னால் சுவராக நின்றவர்கள், பந்தைப் பிடித்தவர்கள், ஆட்டத்தை வகுத்துக் கொடுத்த பயிற்சியாளர் என்று எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளை அவர்கள் பார்த்தார்கள். அதில் ஒருவனைப் பிய்த்து எடுத்து வேறொரு கூட்டத்தில் நட்டால் என்ன ஆவான் என்பது நடுகிறவன் கையிலும் இருக்கிறது. மருமகள் வந்த மறுமாதம் வீட்டில் ஒரு மாடு செத்தால் "ராசி இல்லாதவள்" என்கிறோமே, அதே கோளாறு. வீட்டில் நடந்ததை ஆளின் உடம்புக்குள் தேடுவது.

"ஸ்டாமினா இல்லை" என்று நானும் உடம்புக்குள்தான் தேடினேன். அந்த 40 பேரில் ஒருவரிடமாவது "காலையில் என்னப்பா சாப்பிட்டே?" என்று நாங்கள் கேட்டதாக ஞாபகம் இல்லை.

இன்னொரு வேடிக்கை. பிறந்த நேரம் பார்த்து வாழ்க்கையைச் சொல்கிறவர்களை நாம் சிரிக்கிறோம். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் 1980களின் நடுவில் கனடாவில் ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை அடுக்கிப் பார்த்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதக்காரர்கள் குவிந்து கிடந்தார்கள். ஆண்டுக் கடைசியில் பிறந்தவர்கள் அரிது. கிரகம் ஏதும் வேலை செய்யவில்லை. அங்கே வயதுப் பிரிவுக்குக் கோடு ஜனவரி 1. பத்து வயதில் ஜனவரிப் பையன் டிசம்பர்ப் பையனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவன், ஒரு விரல்கடை உயரம், கொஞ்சம் கூடுதல் எலும்பு. தேர்வாளர் கண்ணுக்கு அது திறமையாகத் தெரிகிறது. எடுக்கிறார். எடுத்தவனுக்கு நல்ல பயிற்சி, நல்ல எதிராளி, கூடுதல் ஆட்டம். பதினெட்டு வயதில் அவன் நிஜமாகவே சிறந்தவனாக நிற்கிறான். ஆக, பிறந்த மாதம் விதியை எழுதத்தான் செய்கிறது. எழுதுகோல் நவக்கிரகத்திடம் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்களிடம் இருந்தது. (எங்கள் தலைமுறையில் பலருக்குப் பிறந்தநாளே ஹெட்மாஸ்டர் போட்டதுதான். பள்ளியில் சேர்க்க வசதியாக மே, ஜூன் என்று ஏதோ ஒரு தேதி. எங்களை வைத்து பார்ன்ஸ்லி கணக்குப் போட்டிருந்தால் தலை சுற்றிப் போயிருக்கும்.)

இனி, எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கோபம் வரக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன்.

"வடசென்னை ரத்தம் சார், அது தனி" என்று மேடையில் பேசாத ஆள் கிடையாது. வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்கிறார்கள். ராயபுரத்தில் குத்துச்சண்டை பிறவியிலேயே வரும் என்கிறார்கள். கேட்கக் காதுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் இவர்களுக்குக் கையும் காலும் பிறப்பிலேயே வரும் என்று ஒப்புக்கொண்டால், இவர்களுக்குப் படிப்பு பிறப்பிலேயே வராது என்று இன்னொருவன் சொல்லும்போது எந்த வாயால் மறுப்பீர்கள்? இரண்டும் ஒரே வாக்கியம். மாலை போட்டுக்கொண்டு வருவதால் ஒன்றை அடையாளம் தெரியவில்லை.

குத்துச்சண்டையையே எடுத்துக்கொள்வோம். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று கேட்டதும் ஏதோ குலவழி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அங்கே பரம்பரை என்பது வாத்தியார் வழி. மீனவன், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், ரிக்‌ஷா இழுத்தவன், இந்து, கிறிஸ்தவன், முஸ்லிம் எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் குத்து வாங்கி ஒரே பரம்பரை ஆனார்கள். வெள்ளைக்கார ஆட்சி முடியும் தறுவாயில், ஆங்கிலோ இந்திய வீரர் நாட் டெர்ரியை ராயபுரத்து கித்தேரி முத்து சாய்த்ததையும், அதற்காகப் பெரியார் அவருக்குத் திராவிட வீரன் என்று பட்டம் கொடுத்ததையும் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும் கிழவர்கள் உண்டு. அவர்கள் அதைச் சொல்லும்போது கித்தேரி முத்துவின் தாத்தா பெயரை யாரும் சொல்வதில்லை. யாரிடம் பழகினார் என்பதைத்தான் சொல்கிறார்கள்.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 3 தங்கம் வாங்கினார். கேரம் ரத்தம் என்று ஒன்று உண்டா? வீட்டுப் பக்கத்தில் போர்டு இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் உமாபதியும் தங்கராஜும் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக நடத்திய அமைப்பின் பெயரிலேயே விளையாட்டோடு கல்வியும் இருக்கிறது. அங்கிருந்து வீரர்கள் வந்ததற்குக் காரணம் தேட ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. சாயங்காலம் அந்த மைதானத்துக்குப் போனாலே போதும்.

அந்த மண்ணிலிருந்து வந்த இரண்டு பேரின் கதையைப் பாருங்கள். நந்தகுமார் சேகர் 1995 டிசம்பரில் பிறந்தவர். சென்னை சிட்டி, டெல்லி, ஒடிசா என்று அணி மாறி மாறி ஆடியவர். இந்தியாவுக்காக முதன்முதலில் ஆடியது 2023இல், 27 வயதில். அதே வருடம் ஆகஸ்ட் 12ஆம் தேதி டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒற்றை கோல்தான் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு நாலரை வருடம் கழித்துக் கிடைத்த முதல் கொல்கத்தா டெர்பி வெற்றி. அவருடைய இருபதாவது வயதில் எங்கள் மூன்று நாற்காலிகளுக்கு முன்னால் அவர் வந்து நின்றிருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்? யோசிக்கவே கூச்சமாக இருக்கிறது.

அடுத்தவர் தனபால் கணேஷ். 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்சி அணி கோவாவை 3-0 என்று அரையிறுதியில் வென்றபோது ஒரு கோல் அவருடையது. அந்த வருடம் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையும் சென்னைக்கு வந்தது. நடுக்களத்தில் அவர்தான் இனி என்று எல்லோரும் பேசினார்கள். அடுத்த பருவத்தில் முழங்கால் காயம் அவரை வெளியே உட்கார வைத்தது. எந்தத் தேர்வாளர், எந்தக் கண்ணால், அந்த முழங்காலை முன்கூட்டிப் பார்த்திருக்க முடியும்?

இங்கே வாசகர் மனதில் ஒரு முடிவு உருவாகியிருக்கும்: "ஆக, யாரையும் தேறாது என்று சொல்லக் கூடாது, எல்லோருக்கும் நம்பிக்கை கொடுக்க வேண்டும்." அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது இன்னும் மோசமான மூடநம்பிக்கை.

"நந்தாவைப் பாரு, அவனும் நம்ம ஏரியாதான்" என்று பன்னிரண்டு வயதுப் பையனிடம் சொல்லும் பயிற்சியாளர்களை எனக்குத் தெரியும். அந்த மைதானங்களுக்கு வந்துபோன பிள்ளைகள் எத்தனையோ. ஐ.எஸ்.எல். வரை போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். லாட்டரியில் விழுந்தவன் படத்தை மட்டும் கடை வாசலில் மாட்டியிருந்தது நினைவிருக்கிறதா? அதே படம்தான் இதுவும். பிராடி 199ஆவது ஆள் என்ற கதையும் அப்படித்தான். அதே ஆண்டில் அவருக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் பெயர் உங்களுக்குத் தெரியும்? பத்தாம் வகுப்பை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் போன பையனுக்கு இருபத்திரண்டு வயதில் கையில் என்ன இருக்கும் என்று சொல்லாமல் நம்பிக்கை கொடுப்பவன், கிளிக்காரரைவிட அதிகம் வாங்குகிறான். அவர் கேட்டது நாலணா.

"தேறாது" என்று சொன்னவனும் "தேறுவான்" என்று சொன்னவனும் ஒரு விஷயத்தில் கூட்டாளிகள். சொன்னது பொய்த்தால் இருவருக்கும் ஒரு பைசா நஷ்டம் இல்லை. அதிலும் "தேறாது" என்பவனுக்கு ஒரு தனி வசதி. அவன் சொன்ன பிறகு அந்தப் பையனுக்கு அணி கிடையாது, பூட்ஸ் கிடையாது, புல்தரை கிடையாது, ஆட்டம் கிடையாது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் நிச்சயமாகத் தேறியிருக்க மாட்டான். தன் வாக்கைத் தானே பலிக்க வைக்கும் அதிகாரம் எந்த ஜோசியனுக்கும் வாய்த்ததில்லை.

1950களில் இஸ்ரேல் ராணுவத்தில் இளைஞராக இருந்த உளவியலாளர் டேனியல் கானமன், அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருந்தார். எட்டு எட்டுப் பேரை ஒரு பெரிய மரக்கட்டையோடு சுவர் தாண்ட விட்டு, யார் தலைவன் ஆவான் என்று கணிப்பார்கள். பின்னாளில் பயிற்சிப் பள்ளியிலிருந்து முடிவுகள் வந்தன. கணிப்பு குருட்டாம்போக்கைவிடக் கொஞ்சம்தான் மேல். அவர் எழுதியிருக்கும் விஷயத்தில் என்னை உறுத்துவது அதுவல்ல. முடிவு தெரிந்த பிறகும், அடுத்த குழு வந்து சுவர் முன்னால் நின்றதும், அதே நிச்சயத்தோடு கணித்தார்களாம். அவர்களுக்காவது முடிவு வந்து சேர்ந்தது. எங்கள் தொழிற்சாலையில், நிராகரித்த 38 பேர் என்ன ஆனார்கள் என்று பின்தொடர ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஆகவே என் யோசனை இது. தேர்வாளர் எவரும் இனி "தேறும், தேறாது" என்று எழுதக் கூடாது. எண் எழுத வேண்டும். "23 வயதில் இவன் முதல் டிவிஷன் ஆட 10க்கு 2" என்று. கீழே கையெழுத்து. எடுக்கப்பட்டவன், விடப்பட்டவன் இருவர் பெயரும் அதே நோட்டில். ஐந்து வருடம் கழித்து நோட்டைப் பையன்கள் முன்னால் பிரிக்க வேண்டும். பத்துக்கு இரண்டு என்று வந்தால் பையனிடம் அதை மறைக்காமல் சொல்லி, மீதி எட்டுக்கு ஐ.டி.ஐ.யோ கல்லூரியோ என்ன வழி என்பதையும் அன்றைக்கே பேச வேண்டும். இதை மூத்த பயிற்சியாளர் ஒருவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நோட்டு வெச்சா நம்ம பொழப்பு நாறிடும் சார்." தகுதி என்ற சொல்லை வைத்துத் தங்களை வெளியே நிறுத்தியவர்களிடம் நூறு வருடமாக வழக்காடிய ஊர் இது. மைதானத்துக் கோட்டுக்குள் காலை வைத்ததும் அந்தச் சொல்லை நாமே எடுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் டோல்கேட் பக்கம் டீக்கடையில் நின்றிருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசையில் நின்றன. ஒரு வண்டியிலிருந்து இறங்கி வந்தவர் என்னையே பார்த்தார். ஐம்பதை நெருங்கும் வயது, தோளில் துண்டு.

"சார், நீங்க கம்பெனி செலக்‌ஷன்ல உக்காந்துருந்தீங்கல்ல? மூணாவது சேர்."

எனக்கு முகம் ஞாபகம் வரவில்லை. அவர் பெயரையும் வருடத்தையும் சொன்னார். பந்து காலில் ஒட்டியது ஞாபகம் வந்தது.

"அப்புறம் ஆடலையா?"

"எங்க சார். நீங்க எழுதினதை உங்க பக்கத்துல இருந்த சார் படிச்சுக் காட்டுனாரு. வூட்ல போய்ச் சொன்னேன். பெரியவங்க பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டாரு எங்கப்பா. அப்பவே காசிமேட்டுல ஐஸ் பொட்டி தூக்கினு இருந்தேன். அன்னிக்குக்கூட விடிகாலை மூணு மணிலேருந்து தூக்கிட்டு, அப்டியே ஓடியாந்தேன் செலக்‌ஷனுக்கு. அப்பால அதையே பாத்துனு, லைசென்ஸ் எடுத்து, இப்ப வண்டி."

கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே மரியாதையோடுதான் பேசினார்.

"ஆனா கரெக்டா சொன்னீங்க சார். பாருங்க, நான் தேறலையே."

முன்னால் வரிசை நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் சட்டைப் பையில் சில்லறை தேடினேன். "உங்க டீக்கும் சேத்துக் குடுத்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் வண்டியில் ஏறினார். அந்த வயதில், ஒரே தாவலில்.